காரத் தண்ணீரில் ஒரு வெள்ளாமை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான். கண்மாய் எவ்வளவு ஏறியது, அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று ராஜபாளையத்து டீக்கடைகளில் காலையிலேயே கணக்குப் பார்ப்பார்கள். நானும் இந்த மண்ணில் பிறந்தவன். மழை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் என் வெள்ளாமைக்கு மழை ஆகாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மம்சாபுரத்தை ஒட்டிய மலையடிவாரத்தில் தொட்டி கட்டி நான் வளர்ப்பது சுருள்பாசி. மாத்திரைப் புட்டிகளில் ஸ்பைருலினா என்று எழுதியிருப்பது இதுதான். பாலைவன ஓரத்துச் சோடாக் குட்டைகளில், மீனும் தவளையும் தங்காத தண்ணீரில், வெயிலைக் குடித்து வளர்ந்து பழகிய நுண்ணுயிர். மழைத்தண்ணீர் கொஞ்சம் கலந்தால் பாசி உடனே செத்துவிடாது. அதைத் தின்னும் உயிர்களுக்கும் அதன் இடத்தைப் பிடிக்கும் உயிர்களுக்கும் வழி திறந்துவிடும். அதுதான் ஆபத்து.

இதற்கு வருமுன் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். நூலின் நம்பர், முறுக்கு, பலம், அறையின் ஈரப்பதம் என்று நாள் முழுக்க அளந்துகொண்டே இருக்கிற வேலை. அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. சுருள்பாசிக்குக் காரத்தன்மை, வெப்பம், அடர்த்தி ஆகிய மூன்றையும் காலை மாலை அளந்து எழுதாதவர் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது என்பது என் கருத்து.

இந்தப் பாசியின் பூர்வீகத்தை அறிந்தால்தான் அதன் குணம் புரியும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கு வடகிழக்கே கானெம் என்றொரு பகுதி, சகாராவின் தென் விளிம்பு. அங்கே மணல்மேடுகளுக்கு இடையே குட்டைகள் கிடக்கின்றன. உள்ளே ஊறிவரும் தண்ணீர் வெளியே ஓட வழியில்லை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். அது பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். தொட்டால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும் அந்த நீரில்தான் சுருள்பாசி கட்டிப் பச்சையாகப் பெருகுகிறது. கானெம்பு இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கரையில் ஒதுங்கும் பச்சைக் குழம்பை வாரி, மணலில் பள்ளம் பறித்து ஊற்றுவார்கள். மணல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, பாசி அடையாகக் காயும். அதைத் துண்டு போட்டு வீட்டுக்கும் சந்தைக்கும் எடுத்துப் போவார்கள். திஹே என்று பெயர். சிறுதானியக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில் கரைப்பார்கள்.

பிரெஞ்சுப் படையோடு அந்தப் பக்கம் இருந்த க்ரீச் என்ற மருந்தாளர் சந்தையில் வாங்கி அனுப்பிய துண்டை வைத்து, 1940-ல் தாவரவியலர் டான்ஜார் இது மனிதர் உண்ணும் பாசி என்று எழுதினார். உலகப்போர்க் காலம், யாரும் கவனிக்கவில்லை. 1964-65-ல் சகாராவைக் கடந்துபோன பெல்ஜிய ஆய்வுக் குழுவில் இருந்த ழான் லெயோனார் மறுபடி அதே பச்சைத் துண்டைச் சந்தையில் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கூடங்கள் விழித்தன. கண்டவர் பெயராகப் புத்தகங்கள் சொல்வது இந்த ஆண்களின் பெயர்களை. அள்ளுவது, வடிப்பது, காயவைப்பது, உணவில் சேர்ப்பது என்று தொழில் முழுவதையும் உருவாக்கி முடித்தவர்கள் அந்தப் பெண்கள். நான் இன்று செய்வதில் அவர்கள் செய்யாத படி என்று பார்த்தால் தொட்டி கட்டியதும் உப்பு கரைத்ததும் மட்டுமே.

அந்த உப்புக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜாரூக் என்பவர் 1966-ல் பாரிசில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட் என்று வைத்தார். ஆய்வுக்கூடங்கள் இன்றும் அதையே பின்பற்றுகின்றன. சிறு தொட்டிக்காரர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. 8 கிராம் போதும். என் தொட்டி ஒவ்வொன்றும் 20 அடி நீளம், 10 அடி அகலம். தண்ணீர் அரை அடி உயரம்தான் நிற்கும். ஏறத்தாழ 2,800 லிட்டர். அதற்கு 22 கிலோவுக்கு மேல் சோடா உப்பு, 14 கிலோ கல்லுப்பு, ஐந்தரைக் கிலோ வெடியுப்பு. கல்லுப்பு தூத்துக்குடியிலிருந்து வருகிறது, அயோடின் கலக்காதது. இவற்றோடு கொஞ்சம் பாஸ்பேட், எப்சம் உப்பு, இரும்புக்கு அன்னபேதி. அன்னபேதி மிகக் குறைவாக, லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில். அதிகமானால் அடியில் துருவாகப் படியும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மலையடிவாரத்துக் கிணற்று நீர் மென்மையானது. கிழக்கே கரிசல் பக்கம் போகப் போக ஆழ்துளைத் தண்ணீரில் சுண்ணாம்பு ஏறும். சுண்ணாம்பு நீரில் சோடா உப்பைப் போட்டால் பால்போலக் கலங்கி, வெள்ளைச் சேறாக அடியில் இறங்கிவிடும். கூடவே பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு போகும். மலையை ஒட்டி நான் இடம் தேடியதற்குக் காரணம் இதுதான்.

புதிதாகக் கரைத்த சோடா நீரின் பிஹெச் 8.3-ஐ ஒட்டியே இருக்கும். அது சுருள்பாசிக்கு வீடு அல்ல. பாசி வளர வளர பைகார்பனேட்டிலிருந்து கரியை எடுத்துக்கொண்டு காரத்தைத் தண்ணீரில் விட்டுவிடும். பிஹெச் 9 ஆகும், 9.5 ஆகும், 10-ஐத் தாண்டும். அங்கே வேறு பாசிகளுக்கு மூச்சு முட்டும். நோய்க் கிருமிகள் பெரும்பாலும் தாங்காது. தன்னைச் சுற்றித் தானே வேலி கட்டிக்கொள்கிற உயிர் இது. அந்த வேலி எழும்பும் வரை காவல் நிற்பதும், எழும்பிய பிறகு மழையோ கவனக்குறைவோ அதைச் சாய்த்துவிடாமல் பார்ப்பதும்தான் என் வேலை. அதனால்தான் புதுத் தொட்டிக்குத் தாய்ப்பாசியைத் தாராளமாக, தண்ணீர் பச்சையாகத் தெரியும் அளவு ஊற்ற வேண்டும் என்கிறேன். செலவை மிச்சப்படுத்த ஒரு குடம் ஊற்றினால், வேலி எழும்புவதற்குள் குளோரெல்லா என்ற வேற்றுப் பாசி குடியேறிவிடும். குளோரெல்லாவின் உயிரணு உருண்டையாகப் பொடியாக இருக்கும். எந்தத் துணியிலும் நிற்காது. பிஹெச் இறங்கிக் கிடந்தால் நஞ்சு சுரக்கும் நீலப்பச்சைப் பாசிகளும் வரக்கூடும். தின்னும் பொருள் விற்கிறவன் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் நுண்ணோக்கியில் பார்ப்பேன். சுருளல்லாதது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தொட்டியை அறுவடை செய்வதில்லை.

வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 40-ஐத் தொடும். பச்சை வலை இழுத்துக் கட்டுவோம். மார்கழிதான் பலரும் அறியாத கண்டம். மலைக்காற்றில் விடியற்காலைத் தண்ணீர் சில்லென்று கிடக்கும்போது, மேகமில்லாத வானத்திலிருந்து வெயில் சுள்ளென்று விழும். குளிரில் வேலை செய்ய முடியாத பாசி அவ்வளவு ஒளியைத் தாங்காமல் வெளுத்துப்போகும். தண்ணீர் சூடேறும் வரை வலையை எடுக்கக் கூடாது. சுருள்பாசிக்குள் காற்றுப் பைகள் உண்டு. சும்மா விட்டால் மேலே மிதந்து ஏடாகக் கட்டும். மேலே இருப்பது கருகும், அடியில் இருப்பது இருட்டில் கிடக்கும். ஆகவே பகலில் பல தடவை துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பெரிய பண்ணையைப் போன்ற இடங்களில் துடுப்புச் சக்கரம் சுற்றுகிறது. எங்களுக்குத் துடைப்பமும் கையும்.

அறுவடை விடியலில். இரவில் பாசி தன் சர்க்கரையைச் செலவழித்திருக்கும், புரதம் ஓங்கியிருக்கும். வேலை செய்கிறவர்களுக்கும் வெயிலுக்கு முன் முடிந்துவிடும். ஒரு குச்சியின் நுனியில் வெள்ளை வில்லையைப் பொருத்தித் தொட்டிக்குள் இறக்குவோம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலேயே வில்லை மறைந்தால் அறுக்கலாம்.

இங்கேதான் எங்கள் ஊர்த் துணி வேலைக்கு வருகிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அந்தத் துணியைக் கொதிக்க வைத்து அலசி மடித்து முதல் வடிகட்டியாக வைத்திருக்கிறேன். இலை, பூச்சி, உப்புநீர் ஈயின் புழு, கட்டியாய்ப்போன பாசி எல்லாம் அதில் நின்றுவிடும்; நல்ல பாசி கண் வழியே இறங்கிவிடும். இரண்டாவது துணி சிவகாசி அச்சகங்களுக்கு வருகிற ஸ்கிரீன் பிரிண்டிங் வலை, 30 முதல் 50 மைக்ரான் கண் உள்ளது. சுருள் அதில் தங்கும், தண்ணீர் இறங்கும். நூலை அளந்த கண்ணுக்கு இதில் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டது. சுருள்பாசி சில சமயம் சுருளாமல் நேர்க்கோடாக வளரும். நேரானவை துணிக்கண்ணில் ஊசிபோல நழுவித் தொட்டிக்கே திரும்பும். சுருளை மட்டும் எடுத்து நேரானதை விட்டுக்கொண்டே இருந்தால், நாளடைவில் தொட்டி நேர்ப்பாசியின் கையில் போய்விடும். நேரானவை பெருகுகிறபோது தொட்டியைக் காலி செய்துவிட்டு, தனியே பாதுகாத்த தாய்ப்பாசியிலிருந்து மறுபடி தொடங்குவதே சரி.

துணியில் நிற்கும் பாசியை நல்ல தண்ணீர் தெளித்து, மூட்டையாகக் கட்டிப் பாரம் வைத்துப் பிழிந்தால் கைக்கு ஒட்டாத பச்சை மாவாக வரும். அதை இடியாப்ப உரலில் போட்டு வலைத்தட்டில் பிழிவோம். மெல்லிய இழையாக இருந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். உலர்த்தும் பெட்டிக்குள் வெயில் நேரே படக் கூடாது, சூடும் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஒரு தொட்டியில் நல்ல வெயில் நாளில் காய்ந்த சரக்காக நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவுதான். பெருத்த லாபம் என்று யூடியூபில் சொல்பவர்களை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள் என்று என்னைத் தேடி வருகிற தம்பிகளிடம் சொல்லி அனுப்புகிறேன்.

இனி நீலத்துக்கு வருகிறேன். பச்சையாகத் தெரியும் இந்தப் பாசிக்குள் பைகோசயனின் என்ற நீலப் புரதம் இருக்கிறது. காய்ந்த எடையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை இருக்கலாம். தண்ணீருக்குள் இறங்கும் ஒளியில் பச்சையம் சரியாகப் பிடிக்காத ஆரஞ்சு நிறப் பகுதியை இது பிடித்துக் கொடுக்கும். உயிரோடு இருக்கும் பாசி இதை வெளியே விடாது. வடித்த தண்ணீர் இளமஞ்சளாக இறங்கினால் தொட்டி நலம். ஒரு விடியலில் வேலை பார்க்கும் அக்கா கூப்பிட்டார்: "அண்ணாச்சி, வடிதண்ணி ஊதாவா வருது, பாருங்க." முந்தைய நாள் கடும் வெயில். மேலே மிதந்த ஏடு வெந்து, உயிரணுக்கள் உடைந்து, நீலம் கசிந்துவிட்டது. அந்தத் தொட்டியில் பாதியை வடித்துப் புது உப்புநீர் விட்டு, வலையை இரட்டையாக்கி, பாசி தேறும் வரை கை வைக்காமல் விட்டோம்.

தொட்டியில் கண்டால் நெஞ்சு பதறும் அதே நீலம், புட்டியில் இருந்தால் விலைபோகும் சரக்கு. மிட்டாயிலும் சூயிங்கத்திலும் நீலம் சேர்க்க மார்ஸ் நிறுவனம் கேட்டதன் பேரில், சுருள்பாசிச் சாற்றை 2013-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. இயற்கையில் உண்ணத்தக்க நீலம் அரிது. பெரும்பாலான பூ நீலங்கள் புளிப்புப் பட்டால் சிவந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், குழந்தைகளுக்கு நீல நிறத்தில் ஏதாவது செய்யலாமா என்று ஆசையாகக் கேட்டார். பைகோசயனினும் புரதம்தானே அண்ணாச்சி, அடுப்புச் சூட்டில் முட்டை வெந்து வெளுப்பது மாதிரி இதுவும் வெளுத்துவிடும் என்றேன். ஆறிய இனிப்பின் மேல் தடவலாம். வெளிச்சத்தில் வைத்தால் அதுவும் மங்கும். பால்கோவாவுக்கு அதன் நிறமே போதும் என்பது என் எண்ணம்.

நீலத்தைத் தனியே எடுக்கும் முறை எளிது. காய்ந்த பாசியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் நீலம் இறங்கும், வடித்துக்கொள்ளலாம். அதைச் சுத்தப்படுத்துவதுதான் கடினம். நிறமாலை ஒளிமானியில் 620 நானோமீட்டரில் வரும் அளவை 280-ல் வரும் அளவால் வகுப்பார்கள். விடை 0.7-ஐத் தொட்டால் உணவுத் தரம். ஆய்வுக்கூடங்கள் கேட்பது 4. எங்களைப் போன்றவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்த வேலையில் இறங்கிய பிறகு பாலைவனத்து உயிர்களைப் பற்றிப் படிக்கும் ஆர்வம் வந்தது. எகிப்தின் பாலைவனத்தில் வாடி நட்ரூன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே எடுத்த நேட்ரன் உப்பைக் கொண்டுதான் பண்டை எகிப்தியர் உடல்களைப் பதப்படுத்தினார்கள். என் தொட்டியில் இருக்கும் அதே சோடா உப்பின் இனம். அந்தப் பள்ளத்தாக்கின் சோடா ஏரிகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து 1985-ல் ஜெர்மானியரான காலின்ஸ்கியும் கூட்டாளிகளும் எக்டோயின் என்ற பொருளைக் கண்டார்கள். சுற்றிலும் உப்பு ஏறும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடாமல் காக்க அந்தப் பாக்டீரியா இதைச் சேர்த்து வைக்கிறது. புரதங்கள் சுருங்கிக் கெடாமல் இது காக்கும். இன்று எக்டோயின் தோல் களிம்பிலும் கண் சொட்டு மருந்திலும் இருக்கிறது. எடுக்கும் முறை அழகானது. உப்பை விரும்பும் வேறொரு பாக்டீரியாவை மிகுந்த உப்பில் வளர்த்து, சட்டென்று உப்பைக் குறைப்பார்கள். அது சேமித்த எக்டோயினை வெளியே விட்டுவிடும். மறுபடி உப்பை ஏற்றினால் மறுபடி சேமிக்கும். கொல்லாமலே திரும்பத் திரும்பக் கறக்கலாம். சிலியின் அட்டகாமா பாலைவனத்து உப்புப் பரப்பில், சாக்சா என்ற நீர்நிலையருகே எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா ஒன்றிலிருந்து சாக்சமைசின் என்ற ஆண்டிபயாடிக் வகையை 2011-ல் வெளியிட்டார்கள். அதில் ஒன்று, வழக்கமான மருந்துக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை ஆய்வுக்கூடத்தில் அடக்கியது.

கென்யாவின் சோடா ஏரி பாக்டீரியாக்களிலிருந்து வந்த நொதி ஒன்று ஜீன்ஸ் துணியை வெளுக்க உதவியது. அதை விற்ற ஜெனன்கோர் நிறுவனத்திடம், எங்கள் ஏரியிலிருந்து எங்களைக் கேட்காமல் எடுத்தது, பங்கு வேண்டும் என்று கென்ய வனவிலங்குத் துறை 2004-ல் உரிமை கோரியது. அந்தக் கோரிக்கையின் நியாயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இந்தியா 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றி, சென்னையில் தேசிய ஆணையம் அமைத்தது இது போன்ற பங்குக்காகத்தான். திஹே வடித்த பெண்களுக்கு அப்படியொரு பங்கை யாரும் கணக்கிட்டதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பாசி வேரூன்றியதற்குச் சென்னையில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சி.வி. சேஷாத்ரி தலைமையில் அந்த மையம், கிராமத்துப் பெண்கள் தாங்களே நடத்தும்படி சிறுதொட்டி முறையை வகுத்தது. நாளுக்கு ஒரு கிராம் பாசியைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் விழும் பிட்டாட் புள்ளி குறைந்ததையும் பதிவு செய்தது. இதன் பீட்டா கரோட்டினும் இரும்பும் மெய்யான பலன்கள். மற்றபடி கடைகளில் சொல்வதில் பாதியை நான் வாங்குபவர்களிடம் சொல்ல மாட்டேன். புரதம் 60 சதவீதம் என்பது உண்மை. ஆனால் மூன்று கிராம் தின்றால் கிடைப்பது இரண்டு கிராமுக்கும் குறைவு. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. சைவர்களுக்கு பி12 கிடைக்கும் என்று விற்பது தவறு. சோதனையில் பி12 போலத் தெரிவதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் போகும் என்று பேசுபவர்களுக்கு என் சரக்கைக் கொடுப்பதில்லை.

ஏழைப் பெண்கள் வடித்த உணவு நகரத்து மாத்திரையாகிவிட்டது எனக்கு உறுத்தல்தான். அதனால் விளைச்சலில் ஒரு பங்கை எங்கள் பக்கத்து மகளிர் குழுவுக்கு அடக்க விலையில் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்குக் கடலை உருண்டையில் சேர்க்கிறார்கள். உருண்டைக்கு ஒரு கிராம். பாகு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் பொடியைத் தூவ வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். "பச்சையா இருந்தா பிள்ளைக தொடாது அண்ணாச்சி" என்றார் குழுவின் மூத்த அக்கா. அவரே கருப்பு எள்ளை வறுத்து இடித்துச் சேர்த்தார், நிறம் மறைந்தது. சுக்கும் ஏலமும் போட்டுப் பார்த்தும் பாசி வாசனை இன்னும் முழுதாக அடங்கவில்லை. அடுத்த தடவை கருப்பட்டிப் பாகில் செய்வதாக இருக்கிறார்கள்.